மாட்டுக் கம்மல்

எங்கள் காலனியில் முதன்முதலில் கம்மல் போட்டுக்கொண்ட மாடு எங்கள் வீட்டு மாடுதான். பேங்கில் கடன் கொடுத்து வாங்கித் தரும் மாட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. இன்சூரன்ஸ் உள்ள மாட்டுக்குக் காதில் நம்பர் அடித்த தகடு ஒன்றைக் குத்திவிடுவார்கள். பேங்க் காகிதத்தில் அதற்குக் காதுவில்லை என்று பெயர். எங்கள் ஜனங்கள் கம்மல் என்றார்கள். அம்மாவின் காதில் அப்போது துடைப்பக் குச்சிதான் இருந்தது. "மாட்டுக்குக் கம்மல் போட்டாச்சு, உனக்கு எப்போ?" என்று தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். அம்மாவும் விடமாட்டாள். "சம்பாதிக்கிறவளுக்கு மொதல்ல. குந்தித் தின்றவளுக்கு அப்புறம்" என்பாள். அவள் குந்தித் தின்று நான் பார்த்ததே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் ஹைவேயில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் காலனி. அப்பாவுக்குப் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தோலில் இருக்கும் மயிர் கழன்று வர சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் கையை விட்டு அப்பாவின் விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். சோற்றைப் பிசையும்போது எரியும், ஸ்பூனில் சாப்பிடுவார். விருந்தாளிகள் அதைப் பார்த்துவிட்டு, தொரை என்று சிரிப்பார்கள். அம்மா பீடி சுற்றினாள்.

சர்ச்சில் வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் உபவாச ஜெபத்துக்குக் கூடுவார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டயரான நர்ஸம்மா ஒருவர் அந்தக் கூட்டத்தையே மாதர் சங்கமாக மாற்றினார். ஜெபம் முடிந்ததும் பாயை மடிக்க விடமாட்டார். "எழுந்திரிக்காதீங்க, இனிமேதான் விஷயமே" என்று உட்கார வைத்துவிடுவார். பேங்க் மேனேஜரிடம் நடையாய் நடந்து, இந்தப் பெண்களுக்குக் கறவை மாட்டுக் கடன் கொடுக்கச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான். வீடு நிலம் என்று அடமானம் வைக்க எங்களிடம் ஒன்றும் கிடையாது. அதனால் ஒருத்திக்கு மற்றவர்கள் ஜாமீன். முதல் மாட்டின் தவணை ஒழுங்காக வந்தால்தான் அடுத்தவளுக்கு மாடு. முதல் மாட்டுக்குப் பேர் கொடுக்க எல்லோரும் பயந்தார்கள். அம்மா கையைத் தூக்கினாள்.

அம்மாவுக்கு அடுத்த பேர் எதிர்வீட்டு அக்காவுடையது. அவள் புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். அவளும் பீடி சுற்றித்தான் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் மாடு வந்த மறுவாரமே அவள் வீட்டுப் பக்கவாட்டில் நாலு கழி நட்டு, கீற்று வேய்ந்து கொட்டகை போட்டுவிட்டாள். மாடு எப்போது வரும் என்பது கர்த்தருக்கே தெரியாது. அவளோ மூக்கணாங்கயிறு வரை வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தாள்.

எங்களுடையது செவலைப் பசு. வந்த அன்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா அழுதாள். அப்புறம்தான் பிரச்சினை தெரிந்தது. பாலை யாரிடம் விற்பது? ஊருக்குள் எங்கள் வீட்டுப் பாலை வாங்கமாட்டார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "எங்களுக்குப் பால் வந்துடுதும்மா" என்றார்கள். ஒரு வீட்டில் கூட பால் வராமல் இல்லை. தோல் ஷாப் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பாய்தான் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி கலக்காத பாலும்மா இது. காலைல ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, ஜாஸ்தியா இருந்தாலும் கொண்டா" என்றார். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவன் எந்த ஜாதி மாட்டுப் பால் என்று கேட்டா டீ குடிக்கப்போகிறான்? அம்மாவின் வியாபாரம் பிடித்துக்கொண்டது. பேங்க் தவணை தவறவில்லை. பீடித் தட்டு பரணுக்குப் போனது.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் கை ஓடவில்லை.

நான் பியூசி முடித்து டைப்ரைட்டிங் பாஸ் செய்து, ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். தோலை விற்றுத்தான் அந்த ஆபீசில் ஃபேனே சுற்றியது. ஆனாலும் தோலைத் தொடுகிறவர்கள் வேறு, தோலுக்கு பில் அடிக்கிறவர்கள் வேறு. கிடங்கு ஆட்கள் ஆபீஸ் வாசலோடு நின்றுவிடுவார்கள். நான் வாசலுக்கு உள்ளே வந்துவிட்டவள். அந்தத் திமிர் எனக்கு உச்சந்தலை வரைக்கும் இருந்தது, அதைவிட அதிகமாகப் பயம் இருந்தது. காலையில் அரை டப்பா பவுடரைக் கொட்டிக்கொண்டுதான் கிளம்புவேன். "அப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்டால், "கம்பெனியில சூப்பர்வைசர்" என்பேன். பெரியம்மா வேலூர் ஆஸ்பத்திரியில் வார்டு பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்தாள். நான், "எங்க பெரியம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்வேன். மீதியை அவர்களே நர்ஸ் என்று பூர்த்தி செய்துகொண்டார்கள்.

இதில் பெரிய பேஜார் சாயங்கால பஸ். அக்கவுண்ட்ஸில் வேலை செய்த பெண் ஒருத்தி அதே பஸ்ஸில் எங்கள் ஊரைத் தாண்டிப் போகிறவள். எங்கள் ஸ்டாப்பில் இறங்கினால் இடது பக்கம் சர்ச் காம்பவுண்ட், ஓட்டு வீடுகள், செம்பருத்திச் செடிகள். வலது பக்கம் காலனி. நான் இறங்கியதும் இடது பக்கமாக விறுவிறுவென்று நடப்பேன். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகு திரும்பி, ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போவேன். தினமும் இந்தக் கூத்து நடந்தது. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் பார்த்துவிட்டு, "இன்னாமே, வழி மறந்து போச்சா?" என்றாள். சர்ச்சில் ஒரு வேலை என்று சமாளித்தேன்.

மாடு செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. முந்தின நாள் ஷாப்புத் தண்ணீர் போகும் கால்வாயில் வாய் வைத்துவிட்டது என்று அப்பா சொன்னார். வயிறு உப்பிக்கொண்டு, கால்களை உதைத்து, சர்ச் மணி அடிக்கும் முன்பே அடங்கிவிட்டது. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "தோலு வீணாப்போகுதுய்யா, சீக்கிரம்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், செத்த மாட்டின் தோலை உடனே உரித்து உப்புப் போடாவிட்டால் மயிர் கழன்று அழுகிவிடும், பைசா பெயராது. கடன் மாடு செத்துக் கிடக்கிறது, கிடைக்கிறதையாவது பார்ப்போம் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டும், பேங்குக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அன்று ஞாயிறு வேறு.

அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காதுப் பக்கம் வந்ததும், "கம்மல எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

அம்மா பதறிப்போனாள். "ஐயோ, கைய வெக்காத! கம்மல கழட்டுனா இன்சூரன்ஸ் கெடையாதுன்னு பேங்க்காரரு படிச்சு படிச்சு சொல்லியிருக்காரு."

பேங்க்காரர் அப்படிச் சொன்னது உண்மைதான். உயிரோடு இருக்கும் மாட்டுக்குச் சொன்னார். செத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, இவர்கள் கேட்கவும் இல்லை. அப்பா கம்மலைத் தொடாமல், காதோடு சேர்த்துப் பதமாக உரித்தார். உப்புப் போட்டுச் சுருட்டினார். சைக்கிளில் தோல் வாங்க வருகிறவர் மத்தியானத்துக்குள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். உடலைப் புதைத்தோம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்ட நிம்மதியில் அம்மா சாயங்கால ஆராதனைக்குக் கூடப் போனாள்.

நர்ஸம்மா தகவல் சொல்லி, திங்கட்கிழமை பேங்கின் ஃபீல்டு ஆபீசரும் கால்நடை டாக்டரும் வந்தார்கள். முதல் கேள்வியே, "காது எங்கம்மா?" என்பதுதான்.

அம்மாவுக்குப் புரியவில்லை. காதை அறுத்து, வில்லையோடு ஒப்படைத்தால்தான் இன்சூரன்ஸ் பணம் வரும் என்று டாக்டர் விளக்கினார். "நான் கழட்டவே இல்லிங்க ஐயா. அப்படியே தோலோட அனுப்பிட்டேன்" என்று அம்மா பெருமையோடுதான் சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஃபீல்டு ஆபீசர் நல்ல மனிதர், சின்ன வயசு. "அம்மா, நான் உங்கள நம்புறேன். ஆனா மாட்ட வித்துட்டு செத்துப்போச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. இன்சூரன்ஸ்காரங்க நம்பணுமே" என்றார். பணம் வராவிட்டால் செத்த மாட்டுக்கு அம்மா தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும், அது கட்டி முடிகிற வரைக்கும் சங்கத்தில் வேறு யாருக்கும் மாடு கிடைக்காது. இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எதிர்வீட்டு அக்கா தன் காலிக் கொட்டகையின் கழியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

தோல் எங்கே போனது என்று அம்மா சைக்கிள்காரரைத் தேடிப்போய்க் கேட்டாள். அவர், "உம் பொண்ணு வேல செய்ற கம்பெனிக்குத்தான்மா போட்டேன்" என்றாராம். அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். எனக்கு அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

"கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாருடி. உங்க கம்பெனியிலதான் இருக்குதாம். காது, வாலெல்லாம் வெட்டித் தனியாப் போட்டு வெச்சிருப்பாங்களாம், பசை காய்ச்ச லாரி வந்து அள்ளிக்கிட்டுப் போற வரைக்கும். நீ நாளைக்குப் போய் ஒரு வார்த்த கேளு, போதும்."

"சரிம்மா" என்றேன்.

கேட்கவில்லை. கிடங்கு மேஸ்திரியிடம் போய் என்ன சொல்வேன்? எங்கள் வீட்டு மாடு, எங்கள் அப்பாவே உரித்த தோல், எங்கள் அம்மா தேடுகிற காது. இதில் எந்த வார்த்தையைச் சொன்னாலும் சூப்பர்வைசர் அப்பா போய்விடுவார், ஆஸ்பத்திரிப் பெரியம்மா போய்விடுவாள், சர்ச் காம்பவுண்டும் போய்விடும். பக்கத்தில் இருக்கும் அக்கவுண்ட்ஸ் பெண் நாளையிலிருந்து என் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாளா? இதையே நினைத்துக்கொண்டு, அன்றைக்கு ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் தப்பு அடித்தேன். சாயங்காலம் அம்மா கேட்டதற்கு, "மேஸ்திரி லீவும்மா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "பாவம், அந்த மேஸ்திரிக்கு ஒடம்பு முடியலையோ இன்னாவோ" என்றாள்.

அதற்கும் மறுநாள், டீ வந்து எல்லோரும் குடித்துக்கொண்டிருந்த நேரம். வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்து, "சார், யாரோ ஒரு அம்மா வந்திருக்குது. மாட்டுக் காது வேணுமாம்" என்றார்.

ஆபீசே சிரித்தது. எங்கள் தலைமை கிளார்க், "இன்னாய்யா, அந்தம்மாவுக்கு இருக்கிற காது கேக்கலையா?" என்றார். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புச் சத்தம் அப்போதே என் காதில் நாராசமாக விழுந்தது.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், இன்னா கஷ்டமோ. நீ போய் இன்னான்னு கேளும்மா" என்று என்னை அனுப்பினார்.

வராந்தாவுக்கு வந்தேன். அம்மா சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள், கையில் ஒரு மஞ்சள் பை. எனக்குப் பின்னால் தலைமை கிளார்க்கும் அக்கவுண்ட்ஸ் பெண்ணும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். சொல்லிவிடலாம், இப்போது சொல்லித்தானே ஆகவேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

அதற்குள் அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"வணக்கம்மா. நான் ஹைவே பக்கத்து காலனியிலருந்து வர்றேங்க. எம் மாடு செத்துப்போச்சு. அந்தத் தோலு இங்கதான் வந்திருக்குதாம். காதுல பேங்க்கு வில்ல இருக்குது. நீங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணி மேஸ்திரிகிட்ட சொல்லணும்மா."

என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். யாரோ ஒரு ஆபீஸ் அம்மாவிடம் பேசுகிறவள் எவ்வளவு பணிவாகப் பேசுவாளோ அவ்வளவு பணிவு. அவள் குரலில் ஒரு பிசிறு கூட இல்லை.

"வாங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெற்ற தாயை யாரும் வாங்க போங்க என்று பேசுவதில்லை. வா, போ, சோறு போடு, இவ்வளவுதான். என் வாழ்க்கையில் அம்மாவை நான் மரியாதையாக அழைத்தது அந்த ஒரு தடவைதான். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். நிம்மதியாக இருந்தது. நல்லவேளை, அவளே சொல்லிவிட்டாள், நான் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

கிடங்குக்குக் கூட்டிப் போனேன். உப்புப் போட்ட பச்சைத் தோல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேஸ்திரி வயதானவர். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, "அட, ஞாயித்துக்கெழம வந்த தோலா? முந்தாநாளே வந்திருந்தா காது மேலாகவே கெடந்திருக்குமேம்மா. இப்போ அடியில போயிருக்கும். மத்தியானம் லாரி வேற வருது" என்றார்.

"முந்தாநாளு நீங்க லீவுன்னு..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"நானா? நான் லீவு போட்டு வருஷக்கணக்காச்சேம்மா!"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்போ நான்தான் தப்பா கேட்டுட்டேன் போல" என்றாள்.

மூலையில் உப்புக்கு நடுவே காதும் வாலும் முகத்தோலுமாக ஒரு குவியல் கிடந்தது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அந்தப் பக்கம் போட்டாள். மேஸ்திரியும் குனிந்து தேடினார். நான் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றேன். ஆபீசிலிருந்து வந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"இந்த வயசுல தனியா வந்து அல்லாடுறீங்களே, உங்களுக்குப் புள்ளைங்க யாரும் இல்லையா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"பொண்ணு இருக்குதுப்பா. படிச்ச பொண்ணு. வேலைக்குப் போவுது. பாவம், லீவு கெடைக்கல" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமல்.

கடைசியில் மேஸ்திரியின் கையில்தான் அகப்பட்டது. செவலை மயிரோடு சுருங்கிப்போன ஒரு காது, அதில் தகடு. அம்மா அதை வாங்கி முந்தானையால் துடைத்து நம்பரைத் தடவிப் பார்த்தாள். ஒரு பிடி உப்பைப் பையில் போடச் சொல்லி மேஸ்திரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது என்னைப் பார்த்து மறுபடியும் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றாள்.

அத்தோடு முடிந்திருந்தால் கூடத் தேவலை. அம்மா ஆம்பூரிலேயே யாரையோ பார்த்துவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினாள். நான் பஸ்ஸில் ஏறி, அக்கவுண்ட்ஸ் பெண் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு அம்மாவும் அதே பஸ்ஸில் ஏறினாள். என்னைப் பார்த்ததும் முன்பக்கம் போய் நின்றுகொண்டாள். "ஒரு டிக்கெட்" என்று கண்டக்டரிடம் தனக்கு மட்டும் வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் பையிலிருந்து நாற்றம் கிளம்பியது. பக்கத்தில் நின்ற ஒருவர், "இன்னாம்மா பையில? கொமட்டுது" என்று கத்தினார். எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். அக்கவுண்ட்ஸ் பெண், "காலைல வந்த அந்த அம்மாதான்டி" என்று என் காதில் கிசுகிசுத்து மூக்கைப் பொத்தினாள். நானும் பொத்தினேன். அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் ஸ்டாப்பில் இருவரும் இறங்கினோம். அம்மா திரும்பிப் பார்க்காமல் வலது பக்கம் நடந்தாள். நான் வழக்கம்போல் இடது பக்கம் நடந்தேன். பஸ் மறைந்ததும் ரோட்டைத் தாண்டி ஓடினேன். காலனி திரும்பும் இடத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"பையக் குடும்மா, நான் தூக்கிக்கிறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"வாணாம்மா. நாத்தம் கைல ஏறிக்கிச்சுன்னா லேசுல போவாது. நாளைக்கு ஆபீசுக்குப் போகணுமில்ல?" என்றாள்.

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனசாரத்தான் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். வீடு வரைக்கும் அவள் பின்னாலேயே வெறுங்கையோடு நடந்தேன்.

காதை ஒப்படைத்தோம். டாக்டர் கையெழுத்துப் போட்டார். சில மாதங்கள் இழுத்தடித்து இன்சூரன்ஸ் பணம் வந்தது. அம்மாவுக்கு வேறு மாடு கிடைத்தது. எதிர்வீட்டு அக்காவின் கொட்டகைக்கும் ஒரு கறுப்புப் பசு வந்து சேர்ந்தது. டீக்கடைப் பாய் இரண்டு வீட்டுப் பாலையும் எடுத்துக்கொண்டார். கிறிஸ்தவர்கள் மாட்டுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று நர்ஸம்மா சொன்னதால், அக்கா அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி ஆசையைத் தீர்த்துக்கொண்டாள்.

மாடு வந்த வாரம் சங்கக் கூட்டத்துக்கு என்னையும் வரச்சொல்லி அம்மா கூப்பிட்டாள். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். எங்கள் சர்ச்சில் நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லோர் முன்னாலும் உள்ளபடி சொல்வதுதான் சாட்சி. அதில் பொய் சொல்ல யாருக்கும் துணிவு வராது. அம்மா ஒரு சின்னப் பொய்க்குக் கூட ராத்திரி முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கிறவள்.

நர்ஸம்மா கூப்பிட்டதும் அம்மா எழுந்து முக்காடு போட்டுக்கொண்டாள். மாடு செத்தது, காதைத் தெரியாமல் அனுப்பியது, எல்லாவற்றையும் சொன்னாள். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நான் அங்க போய் நின்னப்போ எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்போ எம் பொண்ணு உள்ளேர்ந்து எழுந்து வந்துச்சு. அத்தன பேரு முன்னாலயும் எங் கையப் புடிச்சிக்கிட்டு, 'இது எங்கம்மா'ன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறந்தான் கெடங்குக் கதவே தொறந்தாங்க. அதுவேதான் உக்காந்து தேடி காத எடுத்துக் குடுத்துச்சு" என்றாள் அம்மா.

எதிர்வீட்டு அக்கா அழுதுவிட்டாள். நகர்ந்து வந்து என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. பீடத்தைப் பார்த்தபடி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் சொன்னேன்.